சேவற்குரலும் அயலார் துயிலும்

வைகறையில் எழுந்து தொழிலுக்குச் செல்பவருக்குச் சேவலின் கூவல் இனிய அழைப்பு. இரவு முறை வேலை முடித்து வந்து அப்பொழுதுதான் கண்ணயர்ந்தவருக்கோ அதுவே பெருந்தொல்லை. திருகோணமலைத் துறைமுகப் பகுதியில், கப்பல்துறை போன்ற ஊர்களில், இவ்விரு சாராரும் ஒரே வேலியின் இருமருங்கிலும் வாழ்தல் கூடும். வளவுகள் அகன்றிருந்தால் ஒலி இடைவெளியில் கரைந்துவிடும். காணி சுருங்கச் சுருங்க, ஒருவர் வீட்டுச் சேவல் மற்றவர் தலைமாட்டில் நின்று கூவுவது போலாகிவிடுகிறது.

சேவல் ஒளியைக் கண்டே கூவுகிறது என்று பலர் எண்ணுவர். ஜப்பானின் நகோயா பல்கலைக்கழக ஆய்வாளர் 2013ஆம் ஆண்டில் வேறோர் உண்மையை வெளியிட்டனர். மாறாத மங்கல் ஒளியில் அடைபட்ட சேவல்களும் ஏறத்தாழ நாளுக்கொரு முறை தம் வேளை தவறாது கூவின. அவற்றின் உடலுக்குள்ளேயே ஒரு கடிகாரம் இயங்குகிறது. அதனாலேயே விடியலுக்கு ஏறத்தாழ 2 மணி நேரம் இருக்கையிலேயே கூவல் தொடங்கிவிடுகிறது. கூட்டத்தில் தலைமைச் சேவலே முதலிற் கூவும், ஏனையவை தத்தம் தகுதி வரிசைப்படி தொடரும் என்பதை அவர்களே 2015இல் காட்டினர்.

இதனால் இரண்டு முடிவுகள் பெறப்படும். சேவலை முற்றாக ஊமையாக்க இயலாது என்பது ஒன்று. ஒரு வீட்டுக்கு ஒரு சேவலே போதும் என்பது மற்றொன்று. பேடு முட்டையிடுவதற்குச் சேவல் வேண்டியதில்லை. குஞ்சு பொரிக்க விரும்புவோருக்கே அது தேவை. அவர்களுக்கும் பத்துப் பேடுகளுக்கு ஒரு சேவல் போதுமானது. கருவுறாத முட்டை வெப்பத்தில் விரைவிற் கெடாது என்பதும் ஓர் ஆதாயமே.

சேவலை வைத்தே தீரவேண்டியவர், அயலாரின் படுக்கையறைக்கு எட்டத்தில் கூட்டை அமைத்தல் வேண்டும். இரவில் மட்டும் அதனைத் தாழ்ந்த கூரையுள்ள இருண்ட பலகைப் பெட்டியில் அடைப்பது பலரது வழக்கம். கழுத்தை நன்கு நிமிர்த்த இடமில்லாவிடின் கூவல் குறையும் என்பர். தடித்த பலகை ஒலியை ஓரளவு அடக்கும்; இருள், வெளிச்சத்தால் எழும் கூவலைத் தாமதப்படுத்தும். ஆயினும் கீழை மாகாணத்தின் வெப்பத்தை மறந்துவிடலாகாது. கோழிக்கு வியர்வை இல்லை. வாய் திறந்து மூச்சிரைத்தே அது உடலைத் தணித்துக் கொள்கிறது. காற்றுப் புகாத பெட்டி அதற்குச் சவப்பெட்டியாகிவிடும். எனவே கீழும் மேலும் துளைகள் இட்டு, கீரி நுழையாதபடி கம்பிவலை அடித்தல் வேண்டும். பொழுது நன்கு புலர்ந்ததும் திறந்துவிடுதல் வேண்டும். கழுத்தில் இறுகப் பட்டி கட்டுவது மூச்சையும் இரையையும் தடுக்கும். அது வைத்தியமன்று, வதை.

இவ்வளவு செய்தும் பிணக்குத் தீராவிடின், 1988ஆம் ஆண்டின் 72ஆம் இலக்கச் சட்டத்தின்கீழ் நிறுவப்பட்ட இணக்க சபைகள் இலங்கையில் உண்டு. வழக்கு மன்றம் ஏறுமுன் இருதரப்பாரும் அங்கு அமர்ந்து பேசலாம். பிரான்சு நாட்டின் ஒலெரோன் தீவில் மோரிசு என்னும் சேவல் கூவியதற்காக அயலார் வழக்கே தொடுத்தனர். 2019இல் நீதிமன்றம் சேவலின் பக்கம் தீர்ப்பளித்தது. 2021இல் நாட்டுப்புறத்து ஒலிகளையும் மணங்களையும் மரபுச் செல்வமாக ஏற்கும் சட்டமொன்றும் அந்நாட்டில் பிறந்தது.

வழக்கில் வென்றாலும் வேலிக்கு அப்பால் இருப்பவர் அதே அயலவர்தான். நோயிலும் புயலிலும் முதலில் ஓடிவருபவரும் அவரே. ஆதலின் சேவல் வளர்ப்போர், அயல் வீட்டார் எப்பொழுது உறங்குகின்றனர் என்பதை முன்கூட்டியே கேட்டறிந்து கூட்டை அமைப்பாராயின், முறையீட்டுக்கே இடமிராது.