கனவில் வருகிறவர் கேட்கிறாரா, கட்டளையிடுகிறாரா?



நினைவுச் சொற்பொழிவில் மறைந்தவரைப் பற்றிப் பேசுவது வழக்கம். மறைந்தவர்கள் நம்மிடம் எந்த வழியாகத் திரும்பி வருகிறார்கள் என்று நான் பேசப்போகிறேன். சேலம், நாமக்கல் சமவெளியில் எந்தச் சேரிக்குப் போனாலும் காலையில் இந்தப் பேச்சு காதில் விழும். "ராத்திரி எங்கப்பன் கனவுல வந்தாரு." "முனியப்பன் வெள்ளக் குதிரையில வந்து வாசல்ல நின்னுச்சு." "மாடு முட்ட வந்துச்சு, ஓட ஓட காலு நகரல." நம் எழுத்தில் பசி இருக்கிறது, அடி இருக்கிறது, கொடுக்காத கூலி இருக்கிறது. இந்தக் கனவுகள் குறைவு. மூடநம்பிக்கை என்று நாமே ஒதுக்கிவிட்டோம். ஒதுக்கிய இடத்தில் பஞ்சாங்கமும் குறி சொல்கிறவரும் வந்து உட்கார்ந்துகொண்டார்கள்.

கனவு பலிக்குமா என்பது என் கேள்வி அல்ல. கனவுக்குப் பொருள் சொல்லும் உரிமை யார் கையில் இருக்கிறது என்பதே என் கேள்வி.

தமிழில் ஒரு தலித்துக்கு வந்ததாகச் சொல்லப்பட்ட கனவுகளில் மிகப் பெயர் பெற்றது நந்தனாரின் கனவு. 12ஆம் நூற்றாண்டில் சேக்கிழார் பெரிய புராணத்தில் அதைப் பாடினார். ஆதனூர் நந்தனார் கோயில் முரசுகளுக்குத் தோலும் வாரும், பூசைக்குக் கோரோசனையும் கொடுத்தவர். அவர் தந்த பொருள் உள்ளே போகும், அவர் போக முடியாது. திருப்புன்கூரில் வாசலுக்கு வெளியே நின்று பார்க்கிறார். கல் நந்தி மறைக்கிறது. இறைவன் நந்தியை விலகச் சொல்ல, அது விலகுகிறது. தில்லைக்கு வருகிறார். ஊர் எல்லையைச் சுற்றிச் சுற்றி வருகிறார், உள்ளே போக முடியவில்லை. அப்படியே உறங்குகிறார். கனவில் இறைவன் தோன்றி, தீயில் மூழ்கி எழுந்து வா என்கிறார். தீ வளர்க்கும்படி தில்லைவாழ் அந்தணர்களின் கனவிலும் சொல்கிறார்.

இதில் ஒன்றைக் கவனியுங்கள். திருப்புன்கூரில் கல் மாட்டுக்கு 'விலகு' என்று உத்தரவு போகிறது. தில்லையில் மனிதர்களுக்கு அந்த உத்தரவு போகவில்லை. இரண்டு தரப்பின் கனவிலும் ஒருவரே வருகிறார். ஒரு தரப்புக்குத் தீ மூட்டும் வேலை, மறு தரப்புக்கு அதில் இறங்கும் வேலை. தீயிலிருந்து எழுகிறவர் பூணூலும் சடையுமாக முனிவராக எழுகிறார், அம்பலத்துக்குள் போகிறார், மறைந்துவிடுகிறார். கனவு கண்டவரின் வாயிலிருந்து இந்தக் கனவு நமக்கு வரவில்லை. கண்டதாக மற்றவர்கள் எழுதி வைத்ததுதான் கையில் இருக்கிறது. அயோத்திதாசப் பண்டிதர் நந்தனைப் பௌத்த அரசன் என்று வேறு கதை சொன்னதை இந்த இடத்தில் நினைக்க வேண்டும். அவர் வேறு வரலாறு எழுதியதோடு, பொருள் சொல்லும் உரிமையையும் கையில் எடுத்தார்.

இனி நம் ஊர் மாட்டுக்கு வருவோம். பசு கனவில் வந்தால் லட்சுமி வருகிறாள் என்று பலன் சொல்வார்கள். யாருக்கு? மாடு சொத்தாக இருக்கிற வீட்டுக்கு அது பொருந்தலாம். இந்தச் சமவெளியில் மானாவாரிக் காடும் கிணற்றுப் பாசனமும்தான் வாழ்க்கை. கவலை இறைத்த காலத்தில் அதற்கு வேண்டிய தோல் வேலை முழுவதையும் செய்து கொடுத்தவர்கள் அருந்ததியர்கள். செத்த மாட்டைத் தூக்கியவர்களும் அவர்களே. அவர்கள் வீட்டுப் பிள்ளைகள் பண்ணையத்தில் ஆடு மேய்த்தார்கள், கட்டுத்தரையில் சாணி அள்ளினார்கள். பெருமாள்முருகனின் 'கூளமாதாரி' அந்தப் பிள்ளைகளின் உலகத்தைத்தான் எழுதியது. விடியற்காலையில் சாணிக்கூடை சுமந்த பெண்ணின் கனவில் மாடு வந்தால் அது லட்சுமியாக வருமா? வேலையாக வரலாம். பயமாக வரலாம். ஊரில் தன்னைப் பார்த்து முகம் திருப்பாத ஒரே உயிராகவும் வரலாம். கண்டவரைக் கேட்காமல் பட்டியலைப் பார்த்துச் சொல்லும் பலன், பட்டியல் எழுதியவரின் பலன்.

வழிகாட்டி உருவங்களுக்கும் இதுவே பொருந்தும். மதுரை வீரன் நம் வீடுகளில் குலசாமி. கதையின்படி வளர்த்தவர்கள் சக்கிலியத் தம்பதி. ஆனால் பிறந்தது காசி ராஜாவுக்கு என்று கதை சொல்கிறது. வீரம் அரச ரத்தத்திலிருந்துதான் வர முடியும் என்று நினைத்தவர்கள் சேர்த்த ஒட்டு அது என்று தலித் ஆய்வாளர்கள் வாதிட்டிருக்கிறார்கள். எனக்கும் அதுவே சரியாகப் படுகிறது. அருந்ததியர் வீட்டுக் கிழவி கனவில் வரும் வீரனிடம் காசியைப் பற்றி ஒரு பேச்சும் இருக்காது. "பேரனைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பினியா" என்று அவன் கேட்டால், அது அந்தக் கிழவி தனக்குள் வைத்திருந்த கேள்வி. வீட்டில் தன் பேச்சு எடுபடாத பெண்ணுக்கு, "சாமி கனவுல வந்து கேட்டுச்சு" என்பது பேச ஒரு வாசல். அந்த வாசலை நாம் கேலி செய்து அடைக்கக் கூடாது.

முனியப்பனைப் பற்றிச் சேலத்தில் பேசினால் பெரியேரியைச் சொல்லாமல் முடியாது. அங்கே தலைவெட்டி முனியப்பன் என்று கும்பிடப்பட்ட சிலை புத்தர் சிலை என்று 2011இல் உயர் நீதிமன்றத்தில் வழக்குப் போடப்பட்டது. தொல்லியல் துறை சிலையை ஆய்வு செய்தது. தாமரைப் பீடத்தில் அமர்ந்த கோலம், தியானத்தில் வைத்த கைகள், சுருள்முடி, நீண்ட காது. தலை துண்டிக்கப்பட்டுப் பிறகு ஒட்டப்பட்டிருக்கிறது. 2022 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் அது புத்தர்தான் என்று ஏற்று, இடத்தைத் தொல்லியல் துறையிடம் ஒப்படைக்கச் சொன்னது. ஆத்தூர்ப் பக்கம் தியாகனூரில் பெரிய புத்தர் சிலைகள் இன்றும் இருக்கின்றன. சாக்கிய முனி என்பது புத்தரின் பெயர். அதை வைத்து எல்லா முனியப்பனும் புத்தரே என்று சொல்லிவிட முடியாது. ஆனால் ஒன்றைச் சொல்லலாம். பெயர் மாறி, தலை போய், கதை மறந்த பிறகும் எளிய மக்கள் அந்த உருவத்தைக் கைவிடவில்லை. முனியப்பனாகக் கும்பிட்டவர்கள் ஏமாந்தவர்கள் அல்ல. தெரியாமலேயே காத்து வைத்தவர்கள்.

புத்தரின் பிறப்புக் கதையும் ஒரு கனவில்தான் தொடங்குகிறது. மகாமாயையின் கனவில் வெள்ளை யானை வந்து அவள் விலாவுக்குள் புகுந்தது என்பது பரவலான கதை. அம்பேத்கர் மறைந்த பிறகு 1957இல் வெளிவந்த 'புத்தரும் அவர் தம்மமும்' நூலில் அந்தக் கனவு வேறு மாதிரி இருக்கிறது. யானை இல்லை. சுமேதன் என்ற போதிசத்துவர் வருகிறார். என் கடைசிப் பிறவியை எடுக்கப்போகிறேன், எனக்குத் தாயாக இருக்கச் சம்மதமா என்று கேட்கிறார். அவள் மகிழ்ச்சியோடு சம்மதிக்கிறாள். பிறகுதான் பிறப்பு.

தோழர்களே, இந்த இரண்டு கனவுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். ஒன்றில் வருகிறவர் தீயில் இறங்கு என்கிறார். மற்றதில் வருகிறவர் சம்மதமா என்கிறார். கனவில் வரும் உருவத்தை அளக்க எனக்குத் தெரிந்த கோல் இதுதான். உன்னை எரித்துக்கொண்டால் உள்ளே விடுவேன் என்கிற உருவம் பகலில் நம்மை வெளியே நிறுத்தியவர்களின் குரல். உன்னைக் கேட்டு, உன் பதிலுக்குக் காத்திருக்கிற உருவம் எந்தப் பெயரில் வந்தாலும் நம்முடையது.

எல்லாக் கனவும் வழிகாட்டி அல்ல என்பதையும் சொல்லியாக வேண்டும். தெருவுக்குள் புகுந்து அடித்த பிறகு மாதக்கணக்கில் குழந்தைகள் அலறி எழுகிறார்கள். அதற்குப் பரிகாரம் என்று வட்டிக்கு வாங்கிச் செலவழிப்பது இரண்டாவது அடி. அங்கே மனநல மருத்துவர் வேண்டும், கூடவே வழக்கறிஞரும் வேண்டும். 1989ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் வழக்குப் பதிவானால் கோப்பில் காயத்தின் நீள அகலம் இருக்கும். தூக்கம் போன இரவுகள் அதில் இருக்காது. அவற்றை எழுத வேண்டியது இலக்கியம். ஜெர்மனியில் ஹிட்லர் ஆட்சிக்கு வந்த 1933 முதல், சார்லட் பெராட் என்ற பெண் பத்திரிகையாளர் சாதாரண மனிதர்களின் கனவுகளைக் கேட்டு ரகசியமாகக் குறித்து வைத்தார். 1939இல் நாட்டை விட்டுத் தப்பினார். 1966இல் அவை நூலாக வந்தன. அடக்குமுறை ஒரு மனிதரின் உறக்கத்துக்குள் எப்படி நுழைகிறது என்பதற்கு அந்த நூல் சாட்சி.

இங்கே இருக்கிற மாணவர்களிடம் ஒரு வேலை கேட்கிறேன். உங்கள் அம்மாயி, அப்புச்சி கனவு சொன்னால் அவர்கள் சொன்ன சொல்லிலேயே எழுதுங்கள். பலன் எழுத வேண்டாம். அந்த மாடு, அந்தப் பாம்பு, அந்தக் குதிரை பகலில் அவர்களுக்கு என்னவாக இருந்தது என்று கேளுங்கள். வந்த உருவம் கேட்டதா, கட்டளையிட்டதா என்று கேளுங்கள். இப்படி நூறு கனவுகள் சேர்ந்தால், எந்த அரசு ஆவணத்திலும் இல்லாத ஒரு வரலாறு இந்தச் சமவெளிக்குக் கிடைக்கும். யார் நினைவாக இன்று கூடியிருக்கிறோமோ, அவருக்கு நாம் செய்யக்கூடிய மரியாதை அதுவாக இருக்கட்டும்.

ஜெய்பீம்.