ஆங்கிலப் பிழையைப் பிள்ளையே பிடிக்கட்டும்



ஆறாம் தரம் முதல் ஒன்பதாம் தரம் வரை படிக்கும் நமது கிண்ணியாப் பிள்ளைகளின் ஆங்கிலக் கொப்பியைப் பற்றி இன்று பேச வந்திருக்கிறேன். கொப்பியைத் திறந்தால் சிவப்புக் கோடுகள் கண்ணைக் குத்தும். "இவனுக்கு இங்கிலீஷ் ஏறாது" என்று வாப்பாவும் உம்மாவும் முடிவு கட்டிவிடுகிறார்கள். அந்த முடிவு சரியல்ல. கோடுகள் எத்தனை இருந்தாலும், திரும்பத் திரும்ப வரும் பிழைகள் நாலைந்து வகைதான். அவற்றில் பல, தமிழில் நினைத்து ஆங்கிலத்தில் எழுதுவதால் வருபவை.

முதலாவது, வினைச்சொல்லின் முடிவு. கடற்றொழிலுக்குப் போகும் தந்தையைப் பற்றி எழுதச் சொன்னால், 'மை ஃபாதர் கெட்ச் ஃபிஷ்' என்று பிள்ளை எழுதும். 'கெட்சஸ்' என்று வரவேண்டும். நான் பிடிக்கிறேன், அவர் பிடிக்கிறார் என்று தமிழில் ஆளுக்கேற்ப வினையை மாற்றித்தானே பேசுகிறோம்? ஆங்கிலத்தின் சாதாரண நிகழ்காலத்தில் பெரும்பாலான வினைகள் ஓரிடத்தில் மட்டுமே மாறும். ஹி, ஷி, இட், அல்லது ஒருமைப் பெயர்ச்சொல் எழுவாயாக வரும் இடம் அது.

இரண்டாவது, இறந்தகாலத்தை இரண்டு தடவை சொல்வது. 'ஹி டிட் நொட் வென்ட்' என்பது பிழை. 'டிட்' வந்தவுடனேயே இறந்தகாலம் வந்துவிட்டது. அதற்குப் பின்னால் 'கோ' போதும். 'டிட் யூ கோ' என்ற கேள்விக்கும் இதே விதிதான்.

மூன்றாவது, கேள்வியின் சொல்லொழுங்கு. 'நீ கடைக்குப் போகிறாய்' என்று சொன்னாலும், 'நீ எங்கே போகிறாய்' என்று கேட்டாலும், தமிழில் எழுவாயும் வினையும் இருந்த இடத்திலேயே இருக்கின்றன. அந்தப் பழக்கத்தில் 'வேர் யூ ஆர் கோயிங்' என்று எழுதுகிறார்கள். ஆங்கிலத்தில் 'ஆர்' எழுவாய்க்கு முன்னால் வரவேண்டும்: 'வேர் ஆர் யூ கோயிங்'.

நான்காவது, இடமும் நேரமும். கிண்ணியாவில், காலையில், வெள்ளிக்கிழமையில் என்று தமிழில் ஒரே உருபு மூன்றுக்கும் வரும். ஆங்கிலத்தில் ஊருக்கு 'இன்', கிழமைக்கு 'ஒன்', மணிக்கு 'அட்'. 'இன் கிண்ணியா', 'ஒன் ஃப்ரைடே', 'அட் ஃபைவ் ஓ க்ளொக்'.

ஐந்தாவது, 'அ', 'ஆன்', 'த'. 'மை மதர் இஸ் டீச்சர்' என்று எழுதிவிட்டு, 'அ டீச்சர்' என்பதில் உள்ள 'அ'வைப் பிள்ளை மறந்துவிடும். 'ஆன்' எங்கே வரும் என்பதைக் காதால் முடிவு செய்ய வேண்டும், எழுத்தைப் பார்த்தல்ல. ஆகவே 'ஆன் எக்' சரி. ஆனால் 'யு' என்ற ஒலியில் தொடங்குவதால் 'அ யுனிவர்சிட்டி'தான் சரி.

சரி, எப்படித் திருத்துவது? எல்லாப் பிழையையும் ஒரே வாசிப்பில் தேடினால் எதுவும் அகப்படாது. பத்து வரி எழுதியதும், முதல் தடவை வினைச்சொற்களின் கீழ் மட்டும் கோடிட்டு, ஒவ்வொன்றுக்கும் எழுவாய் யார் என்று பார்க்கட்டும். அடுத்த தடவை 'டிட்' வந்த இடங்களை மட்டும் பார்க்கட்டும். இப்படி ஒரு வாசிப்புக்கு ஒரு வகை. ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள்: சரியான விடையை நீங்களே எழுதிக் கொடுக்காதீர்கள். பிழை உள்ள வரியைக் காட்டி, வகையைச் சொல்லிவிடுங்கள். பிள்ளை தானே திருத்திய வசனம்தான் மனதில் நிற்கும்.

ஆங்கிலம் தெரியாத பெற்றோரும் உதவலாம். "இந்த வேலையைச் செய்தது யார்? எப்போது செய்தார்?" என்று தமிழிலேயே கேளுங்கள். பதில் சொல்வதற்காகப் பிள்ளை வசனத்தை மறுபடி பார்க்கும். பாதிப் பிழை அங்கேயே தெரிந்துவிடும்.

இந்த வயதில் ஏன் இவ்வளவு அக்கறை? உயர்தரம்வரை தமிழில் படிக்கும் நம் பிள்ளைகள், பல்கலைக்கழகத்தில் மருத்துவமும் பொறியியலும் ஆங்கிலத்தில்தான் படிக்க வேண்டும். 1987 ஆம் ஆண்டின் 13 ஆவது அரசியலமைப்புத் திருத்தத்தின்படி ஆங்கிலம் இலங்கையின் இணைப்பு மொழி. சாதாரண தரப் பரீட்சை நெருங்கும்போது ரியூசனுக்கு ஓடுவதைவிட, இப்போதே அடித்தளத்தைச் சரிசெய்வது எளிது.

பெற்றோரே, இன்றிரவு அந்தக் கொப்பியை எடுத்து வையுங்கள். ஏசாதீர்கள். ஒரே ஒரு வகைப் பிழையைச் சொல்லி, பிள்ளையையே தேடச் சொல்லுங்கள். தன் பிழையைத் தானே கண்டுபிடிக்கப் பழகிய பிள்ளைக்கு எந்த மொழியும் ஏறும்.