கணக்கு யாருக்கு?

(காஞ்சிபுரத்தில், மாணவரும் பெற்றோரும் கூடிய கூட்டத்தில் ஆற்றிய உரை)



பத்தாம் வகுப்புத் தேர்வு முடிவு வந்ததும் பிள்ளையார்பாளையத்துத் தறி வீடுகளில் ஒரு கேள்வி எழுகிறது: பதினோராம் வகுப்பில் எந்தப் பிரிவு? பெண் கணிதப் பிரிவு வேண்டுமென்கிறாள். உடனே உறவினர் ஒருவர் உரைக்கிறார்: "நமக்கேனம்மா அந்தக் கடினமான கணக்கு? எளிதானதை எடுத்துத் தேறினால் போதாதா?" அன்போடு சொல்லப்படும் அறிவுரைதான், ஆனால் அந்த ஒரு சொல்லால் அடைபடும் கதவுகள் எத்தனை என்று எண்ணிப் பார்த்தோமா?

நமக்கேன் என்கிறார்களே, நமக்கா கணக்கு வராது? தறியைப் பாருங்கள்! கரையிலே பூ எந்த இழையில் தொடங்கி எந்த இழையில் முடியவேண்டுமென்று, கட்டமிட்ட தாளில் கணக்கிட்டு, அட்டையிலே துளையிடுகிறோம். துளையிருந்தால் இழை எழும், இல்லையேல் எழாது. பிரான்சு நாட்டு ஜக்கார்டு 1804-இல் அமைத்த முறை இது. பின்னர் இங்கிலாந்தின் சார்லஸ் பாபேஜ், தாம் திட்டமிட்ட கணிப்பொறிக்கு இத்தகைய துளை அட்டைகளையே தேர்ந்தெடுத்தார். கணினியின் மூதாதையரில் ஒன்று தறி! அந்தத் தறியை நாள்தோறும் ஆளுகிற குடும்பத்துப் பிள்ளைக்கா கணக்கு எட்டாக்கனி?

பல்லவர் காலத்தில் இவ்வூரில் கடிகை என்னும் கல்விக்கூடம் இருந்தது. மயூரசர்மன் என்பான் இங்கு வேதம் பயில வந்ததையும், பின்னர் கடம்ப அரசை நிறுவியதையும் தாளகுந்தா கல்வெட்டு கூறுகிறது. அந்தக் கூடத்தின் வாயில் நெசவாளியின் மகனுக்குத் திறந்திருந்ததா? இன்று பள்ளியின் வாயில் திறந்திருக்கிறது. எத்தனையோ பேர் போராடித் திறந்த வாயிலை, நம் அச்சத்தாலே நாமே அடைப்பதா?

கணித மேதை இராமானுசன், 1892-இல் சிறுவனாகப் பள்ளிக்குச் சென்றது இந்தக் காஞ்சியில்தான். தந்தையோ குடந்தையில் ஒரு புடவைக் கடையின் கணக்கர். பதினாறு வயதையொட்டி, கார் என்பவர் தொகுத்த கணித நூலொன்று அவர் கைக்கு வந்தது. ஏறத்தாழ ஐயாயிரம் தேற்றங்கள் கொண்ட நூல். வாழ்வைத் திருப்பியது அந்நூல்! ஆனால் பிற பாடங்களில் தவறியதால் கல்லூரி உதவித்தொகை போயிற்று, எஃப்.ஏ. தேர்விலும் தேறவில்லை. 1912-இல் சென்னைத் துறைமுகத்தில் மாதம் முப்பது ரூபாய்க்கு எழுத்தரானார். 1913-இல் கேம்பிரிட்ஜ் பேராசிரியர் ஹார்டிக்கு எழுதிய கடிதமே அவரை உலகறியச் செய்தது. 'தெய்வ அருள்' என்று கூறி இதைக் கடந்துவிடுவோர் உண்டு. நான் காண்பதோ வேறு: பதினாறு வயதில் தக்க நூல் கிடைத்தது, அதன்பின் தக்க ஆதரவு கிடைக்கப் பல்லாண்டுகள் ஆயின. நூல் கிடைக்காமலே போன பிள்ளைகளின் பெயர்களை யார் அறிவார்?

எனவேதான் அந்தப் பதினாறு வயதைப் பற்றிப் பேசுகிறேன். தமிழ்நாட்டில் பொறியியல் கலந்தாய்வின் தரவரிசை 200 மதிப்பெண்ணுக்குக் கணக்கிடப்படுகிறது. அதில் கணிதத்துக்கு மட்டுமே 100! அரசுப் பள்ளி மாணவருக்கென 7.5 விழுக்காடு இடம் 2021-இல் சட்டமாக்கப்பட்டிருக்கிறது. கணிதப் பிரிவை அஞ்சி விட்டுவிட்டால், நமக்கென ஒதுக்கிய இடத்தின் முன்னே நாமே ஒதுங்கி நிற்போம்.

இன்னொன்றும் சொல்வேன். பதினோராம் வகுப்புப் பாடத்தை ஒதுக்கிவிட்டு, பன்னிரண்டாம் வகுப்புப் பாடத்தையே ஈராண்டும் மனப்பாடம் செய்விக்கும் பள்ளிகள் இருந்தன. அதைத் தடுக்க 2017-18-இல் பதினோராம் வகுப்புக்கும் பொதுத்தேர்வு வந்தது. 2025-26 முதல் அது நீக்கப்பட்டுவிட்டது. சுமை குறைந்தது, நன்று; ஆனால் காவல் இப்போது நம்முடையது! எல்லையும் வகையிடலும் தொகையிடலும் பதினோராம் வகுப்பிலே தொடங்குகின்றன. பாவு சரியாக அமையாத தறியிலே பட்டு எப்படி வரும்?

எல்லோரும் கணிதமே படிக்கவேண்டுமென்று நான் கூறவில்லை. வரலாற்றில் நாட்டமுள்ளவர் வரலாற்றைப் படிக்கட்டும். வணிகத்தில் விருப்பமுள்ளவர் வணிகம் பயிலட்டும். விருப்பம் தேர்ந்தெடுக்கட்டும், அச்சம் தேர்ந்தெடுக்கக்கூடாது!

மாணவத் தம்பி தங்கையரே, விடையை மனனம் செய்வது கணிதமன்று. இழை அறுந்தால் அறுந்த இடத்தைத் தேடி முடிச்சிடுகிறாரே உம் தந்தை, அதுபோல, தவறிய கணக்கில் தவறிய வரி எதுவென்று தேடுங்கள். அந்தத் தேடல்தான் படிப்பு.

தோழர்களே! தேர்தல் காலத்தில் வீடுவீடாகச் செல்லும் நாம், மே மாதத்திலும் ஒருமுறை செல்வோம். பத்தாம் வகுப்பு முடித்த பிள்ளையோடு அமர்வோம். விருப்பம் எதுவெனக் கேட்போம். மேல்வகுப்பு மாணவரின் பழைய கணித நூலைக் கேட்டு வாங்கிக் கொடுப்போம். பட்டதாரித் தோழர் ஒருவர், மாலையில் ஒரு மணி நேரம் மன்றத்திலே கரும்பலகை முன் நிற்கட்டும். "நமக்கேன்" என்ற சொல் மறைந்து, "நமக்கும்" என்ற சொல் நம் தெருக்களிலே ஒலிக்கட்டும்!