சோளச் சோறும் மனநலமும்



மரக்கறி உணவு மனத்தைத் தெளிவாக்கும் என்று பெரியோர் சொல்லக் கேட்டிருப்பீர்கள். பல்லடத்தை அடுத்த சிற்றூரில் வளர்ந்த நானும் கேட்டவனே. ஆயினும் மரக்கறி என்ற ஒரு சொல்லோடு விஷயம் முடிந்துவிடுவதில்லை.

என் இளமையில் நெற்சோறு நோம்பி நாளுக்கு உரியது. மற்ற நாளெல்லாம் சோளச் சோறு அல்லது கம்பஞ்சோறு. அதனோடு கொள்ளுப் பருப்பும், கீரைக் கடைசலும், மோரும் தவறாமல் வரும். அத்துணைகளின் அருமையை அப்போது நான் அறியேன்.

நமக்கு மேலே குன்னூர் மலையில் 1918-ல் மக்காரிசன் என்னும் மருத்துவர் உணவாராய்ச்சியைத் தொடங்கினார். அந்நிலையம் 1958-ல் ஐதராபாத்துக்கு மாறிற்று. அங்கே, சேலத்தில் பிறந்த டாக்டர் சி. கோபாலன், தக்காணத்தில் பெரும்பாலும் சோளமே உண்டு வாழ்ந்த ஏழைகளிடம் கண்ட பெல்லாக்ரா நோயை ஆராய்ந்தார். அந்நோயில் வெயில் படும் தோல் கறுத்து வெடிக்கும், வயிறு கெடும், உறக்கம் போய், சோர்வு மிகுந்து, முற்றினால் சித்தமும் கலங்கும். நியாசின் என்ற வைட்டமின் குறைவதே காரணம். சோளத்தில் மிகுந்துள்ள லியூசின் அக்குறைவை வளர்க்கக்கூடும் என்று கோபாலனும் ஸ்ரீகாந்தியாவும் 1960-ல் எழுதினர். சோளத்தை நான் பழிக்கவில்லை. அதைத் துணையின்றித் தட்டில் வைத்த வறுமையைப் பழிக்கிறேன்.

இனி என் குற்றம் ஒன்றைச் சொல்ல வேண்டும். என் மாணவன் ஒருவன் இளமை முதலே பாலை வெறுத்தவன். உயிர்க்கருணையால் தயிர், மோரையும் விட்டான். வகுப்பில் முதல்வனாயிருந்தவன் மறதிக்காரனானான், பேச்சுக் குறைந்தது, கால் மரத்துப்போகிறது என்றான். சோம்பேறி என்று எல்லார் முன்னும் அவனைக் கடிந்தேன். பின்னர் இரத்தப் பரிசோதனையில் வைட்டமின் பி12 மிகக் குறைந்திருப்பது தெரிந்தது. நரம்புக்கும் இரத்தத்துக்கும் இன்றியமையாத அச்சத்து, பாலிலும் தயிரிலும் உண்டு. தானியத்திலும் காய்கறியிலும் இல்லை. கல்லீரலின் சேமிப்பு ஆண்டுக்கணக்கில் தாங்குவதால் குறை மெல்லத்தான் வெளிப்படும். பாலையும் துறந்தவர்கள் அதை மாத்திரையாகவோ, அது சேர்த்த உணவாகவோ உட்கொள்ள வேண்டும். கொள்கையைக் கைவிட வேண்டியதில்லை.

எல்லா மனச்சோர்வும் உணவினால் வருவதன்று. மனம் நெடுநாள் வாடினால் மருத்துவரிடம் செல்ல நாணாதீர்கள்.

அவனுக்கு ஊசி போட்டார்கள். சில மாதங்களில் தேறினான். நான் மன்னிப்புக் கேட்டபோது தலைகுனிந்து நின்றான். பிறகு, “விட்டுப்போன கணக்கெல்லாம் மறுபடி சொல்லிக் கொடுங்கள், ஐயா” என்றான்.