விண்ணிலிருந்து வரும் எக்ஸ்கதிரும் ஒரு சிறு செய்மதியும்

(மன்றத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)

 

அறிவிலும் அனுபவத்திலும் முதிர்ந்தோர் நிறைந்த இவ்வவையிலே, படிப்பை இன்னும் முடித்திராத என்னைப் பேசப் பணித்தது உங்கள் அன்பேயன்றி என் தகுதியன்று. சொல்லிற் குற்றங் குறை காணின் பொறுத்தருளுமாறு வேண்டுகிறேன்.

இவ்வுரையின் பொருளைச் செயற்குழுவில் நான் கூறியபோது, பெரியவர் ஒருவர் என்னைப் பார்த்து, "தம்பி, எண்ணெய்க்கும் எரிவாயுவுக்கும் வரிசையில நிண்ட சனம் நாங்கள். ஆகாயத்து எக்ஸ்கதிர் எங்களுக்கு என்னத்துக்கு?" என்று கேட்டார். அது பரிகாசமான கேள்வியன்று, நியாயமான கேள்வி. அன்று நான் விடை கூறாது சிரித்துவிட்டு வந்தேன். இன்று சிரித்துத் தப்ப விரும்பவில்லை.

அக்கேள்வி என்னைத் தைத்ததற்கு ஒரு காரணம் உண்டு. 2022ஆம் ஆண்டிலே நான் உயர்தரப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தேன். மார்ச் மாதக் கடைசியில் ஒரு நாள் பதின்மூன்று மணி நேரம் மின்சாரம் இல்லை. மிசன் பாடசாலையில் என்னோடு ஒரே வாங்கில் இருந்து படித்த மருதமுனைத் தோழன் ஒருவன், நெசவாளர் குடும்பத்துப் பிள்ளை, என் வீட்டுக்கு வருவான். ஒரு விளக்கை நடுவில் வைத்து இருவரும் பௌதிகம் படிப்போம். எனக்கு விளங்காததை எனக்கு விளக்குபவன் அவனே. அப்படிப்பட்டவன் இன்று கடல் கடந்து ஒரு பண்டசாலையிலே பெட்டிகளை எண்ணிக்கொண்டிருக்கிறான். "இது நமக்கு எதற்கு?" என்ற கேள்விக்கு அவனுடைய வீட்டார் விடை காண முடியாமற் போனதே அதற்குக் காரணம். ஆகவே பெரியவருக்கு நான் சொல்லும் விடை, அவனுக்கும் சொல்லும் விடையாகும்.

நிற்க, முதலில் பொருளுக்கு வருவோம். யாழின் நரம்பை மீட்டினால் அது அதிர்கிறது. மேலும் கீழுமாக மீட்டினால் மேலும் கீழுமாக அதிரும்; பக்கவாட்டில் மீட்டினால் பக்கவாட்டில் அதிரும். அதிர்வு நரம்பின் வழியே செல்கிறது. ஆனால் அதிரும் திசையோ செல்லும் திசைக்குக் குறுக்கானது. ஒளியும் அத்தகைய ஓர் அதிர்வே. சாதாரண ஒளியில் எல்லாக் குறுக்குத் திசைகளிலும் அதிர்வு கலந்திருக்கும். ஒரே திசை அதிர்வு மேலோங்கி நிற்குமாயின் அதனை முனைவாக்கம் பெற்ற ஒளி என்கிறோம்.

யாழை உவமை கூறியது தற்செயலன்று. நமக்கு அயலூராகிய காரைதீவிற் பிறந்து, கல்முனை மெதடிஸ்த மிசன் பாடசாலையிலும் கற்று, இலண்டன் பல்கலைக்கழக விஞ்ஞானப் பட்டமும் பெற்ற சுவாமி விபுலாநந்தர், 1947இல் வெளிவந்த யாழ் நூலிலே, பழந்தமிழர் இசையைக் கணக்கினால் அளந்து காட்டினார். அதிர்வைக் கணக்கிடுவது இம்மண்ணுக்குப் புதிய வித்தையன்று.

இதோ, என் கையிலுள்ள இரண்டு மெல்லிய தகடுகளைப் பாருங்கள். பழுதான கணிப்பானின் திரையிலிருந்து இவற்றைக் கழற்றி எடுத்தேன். தறியிலே பாவு நூல்கள் ஒரே திசையில் ஓடுவதுபோல, இத்தகட்டின் உள்ளமைப்பும் ஒரே திசையில் ஓடுகிறது. ஒரு தகட்டின் மேல் மற்றதை அதே திசையில் வைத்தால் விளக்கு தெரிகிறது. ஊடைபோலக் குறுக்கே திருப்பினால், பாருங்கள், விளக்கு மறைகிறது! தகடு தடித்ததனாலன்று, திசை மாறியதனால் ஒளி மறைந்தது.

இவ்விதத் திசைப் பரிசோதனையைக் கொண்டு ஒரு பெரிய உண்மையைக் கண்டவர் திருச்சிராப்பள்ளியிற் பிறந்த சேர் சி. வி. இராமன் அவர்கள். 1921ஆம் ஆண்டில் இங்கிலாந்திலிருந்து கப்பலில் திரும்பும்போது, கடல் ஏன் நீலமாயிருக்கிறது என்ற வினா அவர் உள்ளத்தில் எழுந்தது. வானத்தின் நீலம் கடலில் பிரதிபலிப்பதே காரணம் என்று அக்காலத்துப் பேரறிஞர் கூறியிருந்தனர். இராமன் அவர்கள், நிக்கல் அரியம் என்னும் சிறு பளிங்குக் கருவியொன்றை ஏந்திக் கடலைத் தக்க சாய்விலே நோக்கினார். நீரின் மேற்பரப்பில் தெறித்துவரும் ஒளி முனைவாக்கம் பெற்றது. ஆகவே அரியத்தைத் திருப்பியதும் அத்தெறிப்பு மறைந்தது. தெறிப்பு மறைந்த பின்னும் கடல் நீலமாகவே இருந்தது; முன்னிலும் ஆழ்ந்த நீலமாகத் தோன்றியது. கடல்நீரின் மூலக்கூறுகளே ஒளியைச் சிதறச்செய்கின்றன என்று அவர் தெளிந்தார். அந்த வழியே சென்று 1928இல் இராமன் விளைவைக் கண்டார். 1930இல் நோபல் பரிசு பெற்றார்.

அவர் 1948இல் பெங்களூரில் நிறுவிய இராமன் ஆராய்ச்சி நிலையமே, இன்று நான் சொல்லவந்த கருவியை அமைத்தது. ஒளியின் திசையைக் கேட்டுக் கடலின் இரகசியத்தை அறிந்தவருடைய நிலையம், எக்ஸ்கதிரின் திசையைக் கேட்டு விண்மீன்களின் இரகசியத்தை அறிய முற்பட்டது எத்துணைப் பொருத்தம்!

எக்ஸ்கதிரும் ஒளியே, வலிமை மிகுந்த ஒளி. கருந்துளையைச் சுற்றிச் சுழன்று விழும் வாயு, பெருங் காந்தவலிமை கொண்ட நியூத்திரன் விண்மீன் ஆகியவை எக்ஸ்கதிரை வீசுகின்றன. அவை மிகத் தொலைவிலிருப்பதால் எத்தொலைநோக்கியாலும் அவற்றின் உருவத்தைப் பிரித்துக் காணல் அரிது. ஆனால் அக்கதிர் எத்திசையில் அதிர்கிறது என்று அறிந்தால், அங்குள்ள காந்தப்புலம் எப்படி ஓடுகிறது, வாயு எவ்வடிவில் சூழ்ந்துள்ளது என்பன தெரியவரும். நமது வளிமண்டலம் அக்கதிர்களைத் தடுத்துவிடுகிறது. அதனால் நாம் உயிர் வாழ்கிறோம். அதனாலேயே அவற்றைக் காண விண்ணுக்குச் செல்லவும் வேண்டியிருக்கிறது.

இந்த அளவீடு எவ்வளவு அரிதென்பதற்கு வரலாறே சான்று. இடப இராசியில் 1054ஆம் ஆண்டில் வெடித்த விண்மீனின் எச்சம் நண்டு நெபுலா. அதன் எக்ஸ்கதிர் முனைவாக்கத்தை அமெரிக்கர் 1971இல் ஒரு றொக்கற்றினாலும், 1975இல் ஏவிய ஓஎஸ்ஓ-8 என்னும் செய்மதியினாலும் அளந்தனர். ஏறத்தாழ நூற்றுக்குப் பத்தொன்பது பங்கு என்று கண்டனர். அதன்பின் இதற்கெனவே அமைந்த பெரிய செய்மதி, அமெரிக்காவும் இத்தாலியும் சேர்ந்து 2021 டிசம்பரில் அனுப்பிய ஐஎக்ஸ்பிஈ ஆகும். இடையே நாற்பத்தாறு ஆண்டுகள்! இளைஞராய்த் தொடங்கியவர்கள் நரைத்த தலையோடு அதைக் கண்டார்கள்.

இந்தியாவின் எக்ஸ்போசாட் 2024 ஜனவரி முதலாந் திகதி காலை ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து புறப்பட்டது. ஏறக்குறைய 470 கிலோகிராம் எடையுள்ளது. பெரிய விண்ணோக்கிகளின் முன் இது சிறியதே. சிறிய செய்மதியை அமைப்பவன் முதலிற் கற்க வேண்டிய பாடம், எதை ஏற்றுவது என்பதன்று; எதை விடுவது என்பது. நான்கு முடிவுகளைச் சொல்கிறேன்.

முதலாவது, எந்தக் கேள்வி? ஐஎக்ஸ்பிஈ 2 முதல் 8 வரையான கிலோ இலத்திரன்வோற்றுச் சக்தியுள்ள கதிர்களை நோக்கியது. அதையே திரும்பச் செய்யாமல், 8 முதல் 30 வரையான பகுதியை போலிக்ஸ் என்னும் இராமன் நிலையக் கருவி எடுத்துக்கொண்டது. மற்றக் கருவி எக்ஸ்பெக்ட், அது 0.8 முதல் 15 வரையான கதிர்களின் சக்தியையும் நேரத்தையும் அளப்பது. இரண்டே கருவிகள்.

இரண்டாவது, எப்படி அளப்பது? எக்ஸ்கதிருக்கு என் கையிலுள்ள தகடு உதவாது. ஆகவே அணுநிறை குறைந்த ஒரு பொருளின்மேல் கதிரை விழச்செய்தனர். கதிர் எத்திசையில் அதிர்கிறதோ அத்திசையிலே இலத்திரனும் ஊஞ்சலாடும். அவ்வூஞ்சலுக்குச் செங்குத்தாகவே கதிர் மிகுதியாகச் சிதறும். ஊஞ்சலின் நேர்த்திசையிற் சிதறாது. நாற்புறமும் நான்கு எண்ணுங்கருவிகள் நிற்கின்றன. எந்தப் பக்கம் மிகுதி, எந்தப் பக்கம் குறைவு என்று எண்ணினால் திசை தெரிந்துவிடும்.

மூன்றாவது, கருவியின் குறையைக் கதிரின் குணமென்று எண்ணி ஏமாறாதிருப்பது எப்படி? நான்கு எண்ணிகளும் ஒரேபோல இருக்கமாட்டா. ஆகவே நோக்கும் திசையை அச்சாக வைத்துச் செய்மதியையே மெல்லச் சுழலவிட்டனர். ஒவ்வோர் எண்ணியும் எல்லாத் திசையையும் மாறி மாறிக் காண்கிறது. தன் குறையைத் தானே சோதிக்கும் இவ்வொழுக்கம் மனிதருக்கும் உகந்ததன்றோ?

நான்காவது, பொறுமை. கருவியின் திறன் நூற்றுக்கு நாற்பது என்று கொண்டால், நூற்றில் ஒரு பங்கு முனைவாக்கத்தை நம்பிக்கையோடு சொல்ல, பத்து இலட்சத்துக்கும் மேற்பட்ட ஒளித்துணிக்கைகளை எண்ணவேண்டும். ஆகவே ஒரே பொருளை நாட்கணக்காக, சிலவற்றை வாரக்கணக்காக நோக்கவேண்டும். ஐந்தாண்டு ஆயுளில் ஒளிமிக்க பொருள்கள் நாற்பதளவே என்று திட்டமிட்டனர். போலிக்ஸ் முதன்முதலில், 2024 ஜனவரி நடுப்பகுதியில், நோக்கியது அதே நண்டு நெபுலாவின் நடுவிலுள்ள துடிப்பு விண்மீனையே.

இத்தகைய உழைப்பினால் என்ன தெரியவரும் என்பதற்கு ஓர் உதாரணம் போதும். சிக்னஸ் எக்ஸ்-1 என்னும் கருந்துளையின் கதிரில் நூற்றுக்கு நான்கு பங்கு முனைவாக்கத்தை ஐஎக்ஸ்பிஈ கண்டது. அது எதிர்பார்த்ததிலும் அதிகம். அதன் திசையோ கருந்துளையிலிருந்து பீறிடும் தாரையோடு ஒத்திருந்தது. அதனால், சுடுவாயு தாரையின் வழியே உயர்ந்து நிற்காமல், தட்டைப்போலப் பக்கவாட்டில் பரந்திருக்கிறது என்று அறிஞர் துணிந்தனர். ஏறக்குறைய ஏழாயிரம் ஒளியாண்டுக்கு அப்பாலுள்ள ஒன்றின் வடிவத்தைக் கண்ணாற் காணாமலே அறிந்தனர்!

இனி, நமக்கும் இதற்கும் என்ன தொடர்பு? கதிர்வீச்சு மிகுந்த பகுதியைத் தவிர்ப்பதற்காக எக்ஸ்போசாட்டை 650 கிலோமீற்றர் உயரத்திலே, பூமத்தியரேகைக்கு ஆறு பாகை மட்டும் சாய்ந்த பாதையில் விட்டனர். நமது கல்முனை வடக்கே ஏழரைப் பாகை அளவில் உள்ளது. ஆகவே அப்பாதை நமக்குச் சற்றுத் தெற்கே அமைகிறது. நாளொன்றுக்குப் பதின்மூன்று தடவைக்குக் குறையாமல் நமது அடிவானத்துக்கு மேலே கடந்து செல்லும் பாதை அது. நாம் அறியாமலே நம் வீட்டுக் கூரைக்கு மேலால் ஒரு பெரிய கேள்வி போய்க்கொண்டிருந்திருக்கிறது.

"இந்தியா பெரிய நாடு, நாங்கள் என்ன செய்வோம்?" எனலாம். சிறியதும் செய்யும் என்பதற்குச் சான்று உண்டு. சீனத்தின் சிங்குவா பல்கலைக்கழகத்தார் 2018இல் அனுப்பிய போலார்லைட் கருவி, கையில் தூக்கிச் செல்லக்கூடிய ஒரு சிறு செய்மதிக்குள் அடங்கியது. அதுவே பல ஆண்டு மௌனத்துக்குப் பின் நண்டு நெபுலாவின் மென் எக்ஸ்கதிர் முனைவாக்கத்தை மறுபடி அளந்தது. எக்ஸ்போசாட்டை ஏற்றிச் சென்ற அதே றொக்கற்றில், திருவனந்தபுரத்துப் பெண்கள் பொறியியற் கல்லூரி மாணவியர் செய்த வீசாட் என்னும் சிறு கருவியும் சென்றது. அவர்களும் என்னைப்போன்ற பட்டப்படிப்பு மாணவரே. நம் நாட்டு இளம் பொறியியலாளர் இருவர் ஜப்பானின் கியூஷு தொழினுட்ப நிறுவனத்திலே அமைத்த, ஏறக்குறைய ஒரு கிலோகிராம் எடையுள்ள இராவணா-1, 2019 ஜூன் மாதத்தில் விண்வெளி நிலையத்திலிருந்து விடப்பட்டது. அது பின்னர் வளிமண்டலத்தில் வீழ்ந்து அழிந்தது. கற்ற கல்வி அழியவில்லை.

பெரியவர் கேட்ட கேள்விக்கு இப்போது விடை கூறுகிறேன். எக்ஸ்கதிரின் திசையை அறிந்தால் எண்ணெய் விலை குறையாது. அவ்வாறு கூறி உங்களை ஏமாற்றமாட்டேன். ஆனால் ஒரு கேள்வியைத் தேர்ந்தெடுப்பது, வேண்டாததை விடுவது, தன் குறையைத் தானே சோதிப்பது, பலன் தெரியுமுன் பத்து இலட்சம் வரை எண்ணப் பொறுத்திருப்பது ஆகிய பழக்கங்கள் இல்லாத நாடே வரிசையில் நிற்கிறது. அப்பழக்கங்களைக் கற்பிக்கும் பள்ளிக்கூடங்களுள் ஒன்று இவ்விஞ்ஞானம். அதை "நமக்கு எதற்கு" என்று நாம் தள்ளினால், பிள்ளைகள் அறிவில் குறைவதில்லை, ஊரைவிட்டுப் போய்விடுகிறார்கள். அதுவே நமக்கு வரும் நட்டம்.

முடிவாக ஒரு வேண்டுகோள். ஐஎக்ஸ்பிஈ சேகரித்த எண்கள் உலகத்தார் யாவரும் இலவசமாக எடுத்து ஆராயும்படி வெளியிடப்படுகின்றன. அதற்குக் கருந்துளையோ றொக்கற்றோ வேண்டாம். ஒரு கணினியும், இணைய வசதியும், இருந்து படிக்க ஓர் இடமும் போதும். நமது மன்ற வாசிகசாலையின் ஒரு மேசையை ஞாயிறு மாலைகளில் இதற்கென ஒதுக்கித் தாருங்கள். மருதமுனை, சாய்ந்தமருதுப் பிள்ளைகளும் வந்து அமரட்டும். மிசன் பாடசாலை வாங்கில் நாங்கள் அப்படித்தான் இருந்தோம். கற்பிப்பதற்கு நான் விடுமுறைதோறும் வருவேன். என் தோழனுக்கும் எழுதியிருக்கிறேன். இரவு வேலை முடிந்தபின் தொலைபேசியில் சேர்ந்துகொள்வதாகச் சொல்லியிருக்கிறான்.

அதற்கு முன், நாளை காலை கடற்கரைக்கு வாருங்கள். இந்தச் சிறு தகட்டைக் கண்முன் பிடித்துக் கடலைச் சாய்வாக நோக்கித் திருப்பிப் பாருங்கள். அலைமேல் மின்னும் தெறிப்பு அடங்கி, நீரின் ஆழ்ந்த நிறம் தோன்றும். இராமன் கண்டதும் அதுவே. நம் கேள்விகளும் அங்கிருந்தே தொடங்கட்டும்.