கடல் தேய்த்த கண்ணாடி

(நம் குடியிருப்பின் பொங்கல் விழாக் கூட்டத்தில் பேசியது)

இந்த டப்பாவை முன்வரிசையில் கொடுக்கிறேன். கையில் எடுத்துப் பாருங்கள், குத்தாது. பச்சை, பழுப்பு, வெள்ளை. நீலம் ஒன்றே ஒன்று. எல்லாம் உடைந்த பாட்டில் சில்லுகள். தனுஷ்கோடிக் கரையில் மூன்று தடவை போய்ப் பொறுக்கியவை. ராமேஸ்வரம் போனால் எல்லோரும் சங்கும் சோழியும் வாங்குவார்கள். நான் இதற்குக் குனிந்ததைப் பார்த்து வீட்டில் சிரித்தார்கள்.

மணலோடு சோடா உப்பும் சுண்ணாம்பும் சேர்த்து உருக்கினால் கண்ணாடி. அது உடைந்து கடலில் விழுந்தால், அலை மணலிலும் கல்லிலும் உருட்டி முனையை மழுக்கும். உப்புநீர் மேற்பரப்பை அரிக்கும். அதனால்தான் பனி படர்ந்த மாதிரி இந்த மங்கல். 20, 30 ஆண்டுகள் ஆகும். எங்கள் வங்கி பாஷையில் நீண்டகால வைப்பு. முதிர்வுக்கு முன் எடுத்தால் கை கிழியும்.

எனக்குக் கிடைத்தவை பெரும்பாலும் அலை அதிகமுள்ள ஆண் கடல் பக்கம்தான். பெண் கடல் பக்கம் அதிகம் இல்லை. 1964 டிசம்பர் புயலில் அழிந்த ஊர் அது. எந்த வீட்டு மருந்து பாட்டிலோ என்று தோன்றும். (பவளத் துண்டை மட்டும் எடுக்காதீர்கள், சட்டப்படி குற்றம்.) அமெரிக்காவில் ஃபோர்ட் பிராக் என்ற ஊரில் 1967 வரை கடலோரம் குப்பை கொட்டினார்கள். இன்று அது கண்ணாடிக் கடற்கரை. ஆளாளுக்குப் பொறுக்கிக் குறைந்துபோய், இப்போது எடுக்கத் தடை.

நம் வைகையில் அலை ஏது? பல மாதம் தண்ணீரே இல்லை. கீழடியில் 2,000 ஆண்டு தாண்டிய கண்ணாடி மணிகள் மண்ணுக்குள் அப்படியே இருந்தன, அருங்காட்சியகத்தில் பார்த்திருப்பீர்கள். இங்கே போட்ட சில்லு கூராகவே கிடக்கும்.

கார்த்திகையில் நமக்குக் குப்பை எடுக்கும் அம்மாவுக்கு உள்ளங்கை கிழிந்து நாலு தையல் போட்டார்கள். யார் வீட்டுப் பை என்று வாட்ஸ்அப்பில் இரண்டு நாள் பேச்சு. நானும் கண்டித்து எழுதினேன். பார்க்கப் போனபோது, காயத்தில் ஊறுகாய் காரம் ஏறி எரிந்ததாக அவர் சொன்னார். அந்த வாரம் ஊறுகாய் பாட்டிலை உடைத்து, பையில் அள்ளிப் போட்டவன் நான். சொல்லி மன்னிப்புக் கேட்டேன். "விடுங்கய்யா" என்றார். பத்து நாள் அவரால் வேலைக்கு வர முடியவில்லை.

லிஃப்ட் பக்கத்தில் பழைய பெயின்ட் வாளி ஒன்று வைத்திருக்கிறேன், சிவப்பில் 'கண்ணாடி' என்று எழுதி. உடைந்ததைச் செய்தித்தாளில் நாலு மடிப்பாகச் சுற்றி அதில் போடுங்கள். நிறைந்ததும் பழைய பேப்பர் கடைக்கு நானே கொண்டுபோகிறேன்.

டப்பா கடைசி வரிசைக்குப் போய்விட்டதா? அந்த நீலச் சில்லை மட்டும் மறக்காமல் திருப்பித் தாருங்கள், பேத்திக்குத் தருவதாகச் சொல்லியிருக்கிறேன்.