எழுதிய துணி



செஞ்சியில் பேச எழுந்தவன் கோட்டையைப் பற்றிப் பேசுவான் என்று எதிர்பார்ப்பது இயல்பே. தேசிங்குராசன் கதையை என்னினும் நன்றாகச் சொல்லவல்லார் இங்கே பலர் உள்ளனர். நான் துணியைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். அதற்காகக் கோட்டையை விட்டு வெகுதூரம் போக வேண்டியதில்லை. 1690இல், மராட்டிய மன்னர் இராசாராம் இக்கோட்டையிலிருந்து ஆண்டபோதுதான், கடலூரை அடுத்த தேவனாம்பட்டினத்துக் கோட்டையை ஆங்கிலேயர் விலைக்கு வாங்கினர். பீரங்கிக் குண்டு சென்று விழும் தொலைவுவரை நிலமும் அவர்களுக்கே என்பது பேச்சு. அவ்வூர்களுக்குக் 'குண்டு கிராமங்கள்' என்றே பெயர் வந்துவிட்டது. அவர்களை இக்கரைக்கு இழுத்த சரக்குகளில் தலையாயது துணி.

அதிலும் எழுதிய துணி. 'கலம்காரி' என்பது பாரசீக வழிச் சொல். ஓவியத்தை 'எழுதுதல்' என்பதே தமிழ் மரபு. கவிஞர்களாகிய உங்களுக்கும் அந்தத் தொழிலாளிக்கும் வினைச்சொல் ஒன்றுதான்.

அவன் எழுதிய முறையைக் கேளுங்கள். துணியைக் கடுக்காய்ப் பொடி கலந்த எருமைப்பாலில் முதலில் நனைத்தான். பாலின் கொழுப்பு இல்லையேல் கோடு ஊறிப் பரவிவிடும். கறுப்புக் கோட்டுக்கு இரும்பு ஊறிய புளித்த நீர்; கடுக்காயின் துவர்ப்போடு இரும்பு சேர்ந்தவுடன் அது கறுத்தது. சிவப்புக்கோ அவன் சிவப்பைத் தொடவே இல்லை. படிகார நீரால் எழுதினான். அதற்கு நிறம் கிடையாது. பின்பு துணி முழுவதையும் சாயவேர் கொதிக்கும் நீரில் இட்டால், படிகாரம் பட்ட இடம் மட்டும் சிவப்பைப் பற்றிக்கொள்ளும். மற்ற இடத்தில் ஒட்டிய சாயம் வெளுப்பில் போய்விடும். கண்ணுக்குத் தெரியாத பூவை மனத்தில் வைத்துக்கொண்டு எழுதியவன் அவன்! நீலத்துக்கு இதற்கு நேர்மாறான வழி. நீலம் வேண்டாத இடமெல்லாம் மெழுகால் மூடி, அவுரித் தொட்டியில் தோய்த்தார்கள். நீலத்தின்மேல் மஞ்சள் தீட்டப் பச்சை வந்தது. அம்மஞ்சள் நாளடைவில் வெளிறியதால், பழந்துணிகள் பலவற்றில் இன்று இலைகள் நீலமாய் நிற்கின்றன.

இவ்வளவும் நமக்கு எப்படித் தெரிந்தது? நம் ஏடுகளிலிருந்து அன்று. பாம்பின் உரியை ஆடைக்கு உவமை கூறிய நம் புலவர்கள் சாயக்காரனின் அடுப்பங்கரைக்குப் போகவில்லை என்பது என் மனக்குறை. 1734ஆம் ஆண்டையொட்டிப் புதுச்சேரிக்கு வந்த பியூலியூ என்னும் பிரெஞ்சுக் கப்பல் அதிகாரி, ஒவ்வொரு படி முடிந்ததும் ஒரு துண்டை வெட்டி எடுத்துக் குறிப்போடு சேர்த்தார். 1742இல் கூர்து என்னும் இயேசு சபைப் பாதிரியார், தம்மிடம் ஞானமுழுக்குப் பெற்ற சித்திரக்காரர்களைக் கேட்டு நெடிய கடிதம் எழுதினார். வடமொழிக்கும் இலத்தீன், கிரேக்க மொழிகளுக்கும் உள்ள உறவை 1767இலேயே சுட்டியவர் இவர்தாம். சொல்லின்மேல் செவி வைத்தவர் ஆதலால், சாயவேரைச் 'சாயவேர்' என்றும், கடுக்காயைக் 'கடு' என்றும் பிரெஞ்சு எழுத்திலேயே பதிந்து வைத்தார். இக்கரையின் சாயத் தொழிலைத் தேடுகிறவன் பிரெஞ்சுக் கடிதத்தைப் பிரிக்க வேண்டியிருக்கிறது. இதில் ஒரு வேடிக்கையும் உண்டு: அவர் எழுதிய காலத்தில் பிரான்சில் இத்துணிக்குத் தடை. 1686இல் விதித்த தடையை 1759இல்தான் நீக்கினார்கள்.

தடையால் சாகாத தொழிலை வேதியியல் வீழ்த்தியது. சாயவேரின் செந்நிறப் பொருளான அலிசரினை 1868இல் செருமானியர் ஆய்வுக்கூடத்தில் ஆக்கினர். 1897இல் செயற்கை நீலம் விற்பனைக்கு வந்தது. தென்னார்க்காட்டு அவுரிக் கொல்லைகள் சுருங்கின. தஞ்சை அரண்மனைக்குச் சேலை தந்த கோடாலிக் கருப்பூரின் கைவண்ணமும் மங்கியது. ஆனாலும் அறவே அழியவில்லை. சிக்கல்நாயக்கன்பேட்டையில் கோயில் விதானங்களும் தொம்பைகளும் எழுதுவோர் இருக்கிறார்கள். கருப்பூர்க் கலம்காரிக்கு 2021இல் புவிசார் குறியீடு கிடைத்தது. நமக்கு அண்மையில், திண்டிவனம் பக்கத்தில், இன்றும் அவுரித் தழையை ஊறவைத்து நீலக்கட்டி எடுக்கிறார்கள்.

அந்தத் தொட்டிகளுக்குப் பெயர் உண்டு. நுரை கூடும் பதத்துக்கு, நீர் நிறம் மாறும் வேளைக்கு, கெட்டுப்போன தொட்டியின் வாடைக்கு அவர்கள் வாயில் சொற்கள் இருக்கும். இரண்டாம் கூர்து வரும்வரை நாம் காத்திருக்க வேண்டுமா? பதினோராம் ஆண்டின் முதல் வேலையாக, உறுப்பினர் நால்வர் ஒரு குறிப்பேட்டோடு அங்கே போய்வர வட்டம் ஏற்பாடு செய்ய வேண்டும் என்று வேண்டுகிறேன். அவுரி அறுவடைக் காலமாய்ப் பார்த்துப் போவது நல்லது. தொட்டி காய்ந்து கிடக்கும்போது போனால் கேட்க ஒன்றும் இராது. முதற்பெயராக என் பெயரை எழுதிக்கொள்ளுங்கள்.